யாழ்ப்பாணத்து மகளிரும் விளையாட்டும்

சங்கத் தொகை நூல்களுள் ஒன்றாகிய நற்றிணையின் 68ஆம் பாட்டுப் பிரான் சாத்தனார் என்னும் புலவராற் பாடப்பெற்றது. தலைவியை அன்னை மனையின்கண் காவலில் வைத்துள்ளாள். புதுவெள்ளம் பாயும் ஆற்றில் நீராடுவதற்கும், தோழியர் கூட்டத்தோடு ஓரையாடுவதற்கும் அவளுக்கு வாய்ப்பில்லை. இளம்பெண்கள் விளையாட்டை மறந்து வீட்டினுள் முடங்குவது நெறிக்கும் பொருந்தாது, குடியின் வளத்துக்கும் கேடாகும் என்று தாயிடம் எடுத்துச் சொல்வார் எவரேனும் உளரோ எனத் தோழி ஏங்குவதாக அப்பாட்டு அமைந்துள்ளது. பெண்ணை வீட்டுக்குள் அடைக்கும் இவ்வழக்கத்துக்கு அகப்பொருள் நூலார் இட்ட பெயர் இற்செறிப்பு என்பதாம்.

விளையாட்டிற் பெண்களுக்குச் சமவாய்ப்பு வேண்டுமென்பது மேனாட்டார் அண்மையிற் கொணர்ந்த கொள்கையென்று கருதுவார் ஈழத்துத் தமிழரிடையே பலர் உளர். அக்கொள்கையின் வித்துத் தமிழரின் மிகப் பழைய பாட்டொன்றிலேயே கிடக்கின்றமை அவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மகளிரின் விளையாட்டு வரலாற்றை நோக்குமிடத்துப் பிறிதோர் உண்மையும் புலனாகின்றது. ஆற்றலின்மையோ ஆர்வமின்மையோ பெண்களைத் தடுத்ததற்குச் சான்றில்லை. ஆடுவதற்கு இடம், ஆடுவதற்கு நேரம், ஆடுகளத்துக்குப் போய்வர வழி ஆகிய மூன்றும் ஒரு குறித்த வயதோடு அவர்களிடமிருந்து நீங்கின. இம்மூன்றும் கிடைத்த காலத்தில் அவர்கள் முன்னேறினர். கிடையாத காலத்தில் நின்றுவிட்டனர். இவ்வுண்மையை நிலைநாட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை நிலை

தமிழிலக்கியம் பெண்களின் விளையாட்டைப் பற்றி மௌனம் சாதிக்கவில்லை. கழங்கு, பந்து, ஊசல், வண்டல், புனலாட்டு என்பன சங்கப் பாடல்களிற் பரவலாகக் காணப்படுகின்றன. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப்பாட்டு ஆகியவை ஒருங்கே இடம்பெறுகின்றன. கந்துகம் என்பது பந்து. மாணிக்கவாசகரோ திருவம்மானை, திருப்பொன்னூசல், திருச்சாழல், திருத்தோணோக்கம் என மகளிர் ஆடல்களின் பெயர்களையே பதிகங்களுக்குச் சூட்டினார். திருவாசகம் ஓதும் சைவ மக்கள் அதனோடு பெண்களின் விளையாட்டுப் பட்டியல் ஒன்றையும் ஓதிவருகின்றனர் எனலாம்.

ஆயினும் இம்மரபினுள்ளே ஒரு வேற்றுமையும் உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் முதல் ஏழு பருவங்களும் ஆண், பெண் என்னும் இருபாலார்க்கும் பொதுவானவை. இறுதி மூன்றே வேறுபடுவன. ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன உரியன. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கு அம்மானை அல்லது கழங்கு, நீராடல், ஊசல் என்பன உரியன. சிறுதேர் தெருவில் உருள்வது. ஊசல் ஓரிடத்திற் கட்டப்பட்டு அங்கேயே ஆடுவது. சிற்றிற் பருவத்திலோ பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டை ஆண்பிள்ளை சிதைக்க வருகிறான். சிதைக்க வேண்டாமென அவர்கள் இரந்து நிற்கின்றனர். விளையாடும் உரிமை இருபாலார்க்கும் அளிக்கப்பட்டதாயினும், விளையாடும் பரப்பு ஒருவர்க்கு அகன்றும் மற்றவர்க்குக் குறுகியும் இருந்தமையை இப்பாகுபாடு காட்டுகின்றது.

ஊர் விளையாட்டுகள்

குடாநாட்டுக் கிராமங்களின் நிலையும் இதுவே. கொக்கான் வெட்டுதல், கெந்தி விளையாடுதல், கிளித்தட்டு, கண்ணைக்கட்டி விளையாட்டு முதலியவற்றைச் சிறுமியர் முற்றத்திலும் ஒழுங்கையிலும் ஆடிவந்தனர். கொக்கான் வெட்டுதல் கையின் விரைவையும் கண்ணின் கூர்மையையும் வளர்ப்பது. கிளித்தட்டோ ஓட்டம், திடீர்த் திருப்பம், எதிரியின் குறிப்பறிதல், தன் பக்கத்தாரோடு ஒத்தியங்கல் ஆகிய அனைத்தையும் வேண்டுவது. பின்வந்த வலைப்பந்தாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் வேண்டிய அடிப்படைத் திறன்கள் யாவும் அதன்கண் அடங்கியுள்ளன.

சித்திரைப் புத்தாண்டிற் பெருமரக் கிளைகளில் ஊஞ்சல் கட்டப்படும். மணமான பெண்களும் அன்று ஏறி, நின்றபடியே உந்தி ஆடுவர். ஆண்கள் போர்த்தேங்காய் அடிப்பர். மாட்டுவண்டிச் சவாரி விடுவர். ஆண்டில் ஒருசில நாள்களேனும் வளர்ந்த பெண்ணும் வெளியே ஆடலாம் என்பதை ஊர் ஏற்றிருந்தமைக்கு ஊஞ்சலே சான்று.

எஞ்சிய நாள்களின் நிலை வேறு. சாமத்தியச் சடங்கு நிகழ்ந்த அன்றோடு கிளித்தட்டு முடிந்துவிடும். முதல்நாள் வரை தமையன்மாரோடு ஒழுங்கையில் ஓடியவள் மறுநாள் முதல் கிடுகு வேலிக்கு உட்புறத்தாள் ஆகிவிடுவாள். வேலியின் உட்புறம் நின்று வெளியிற் போவாரைப் பார்க்கலாம். வெளியிற் போவாரோடு ஓடமுடியாது. நற்றிணைத் தோழி கண்ட இற்செறிப்பு இவ்வாறு யாழ்ப்பாணத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. உடல் வலிமை பெருகி விளையாட்டிற் சிறக்கத்தக்க வயது தொடங்கும் பொழுதே விளையாட்டு நிறுத்தப்பட்டமை இதிலுள்ள முரண்பாடாகும்.

பாடசாலை மதில்

இவ்வேலியை முதலில் அசைத்தவை பெண்கள் பாடசாலைகளாம். 1816இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவியது. ஆசியாவின் மிகப் பழைய மகளிர் விடுதிப் பாடசாலைகளுள் அஃது ஒன்று. 1840இல் அங்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பதாண்டு அப்பாடசாலையிலேயே பணிபுரிந்தார். வெஸ்லியன் மிஷனின் வேம்படி மகளிர் பாடசாலை 1834இலும், சுண்டிக்குளி மகளிர் கல்லூரி 1896இலும் தோன்றின. சைவப் பெண்மக்களின் பொருட்டுச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1943இல் யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி எழுந்தது.

இப்பாடசாலைகளின் முதல் நோக்கம் விளையாட்டன்று. சமயம், எழுத்து, தையல், இல்லறப் பயிற்சி என்பனவே முன்னின்றன. எனினும் அவை பெற்றோர்க்கு ஏற்புடைய முறையில் மேற்கூறிய மூன்று வாய்ப்புகளையும் ஒருங்கே அளித்தன. மதில் சூழ்ந்த வளவு இடமாயிற்று. பாடவேளையும் விடுதியின் மாலைப் பொழுதும் நேரமாயின. விடுதியிலேயே தங்கியமையால் வழியைப் பற்றிய அச்சமும் இல்லையாயிற்று. பூப்பெய்திய பெண் வீட்டு வேலிக்குள் இருத்தற்கு மாறாகப் பாடசாலை மதிலுக்குள் இருந்தாள். அடைப்பு மாறவில்லை, அடைப்பின் பரப்பு விரிந்தது. அவ்விரிவிலே தேகப்பயிற்சியும், பின்னர்ப் பந்தாட்டங்களும், ஆண்டுதோறும் நிகழும் இல்ல விளையாட்டுப் போட்டியும் வேரூன்றின.

இவ்வளர்ச்சியை மிகைப்படுத்தலாகாது. மதிலினுள் நுழையும் பேறு எல்லார்க்கும் ஒருங்கு கிட்டவில்லை. கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்தாரும் சாதிக் கட்டுப்பாட்டால் ஒதுக்கப்பட்டாரும் நெடுங்காலம் வெளியே நின்றனர். பெண் கல்விக்கு உழைத்தோர் பெண்ணுரிமை அனைத்துக்கும் உடன்பட்டனர் என்பதும் பொருந்தாது. இராமநாதன் அவர்களே டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திற் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குதலை எதிர்த்தார். அவ்வெதிர்ப்பையும் மீறி 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். வாக்குரிமை ஒரு நாளில் ஒரு சட்டத்தால் வரக்கூடியது. விளையாடும் உரிமையோ நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியேறும் உரிமையாதலின், அது சட்டத்தைக் காட்டிலும் மெதுவாகவே வந்தது.

ஆண் மாணவர் நிலையோடு ஒப்பிடின் வேற்றுமை தெளிவாகும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. வடக்கின் பெருஞ்சமர் என வழங்கும் அதனைக் காண நகரமே திரள்வதுண்டு. பழைய மாணவர் கடல் கடந்தும் வருவர். ஆண்களின் விளையாட்டு ஊரறிய நிகழும் திருவிழாவாய் வளர்ந்தது. பெண்களின் விளையாட்டு மதிலுக்குள் நிகழும் பயிற்சியாகவே நின்றது. ஊர் காணாத விளையாட்டுக்கு ஊரின் பொருளும் ஊக்கமும் சேர்தல் அரிது.

வெளியுலக நிலை

இக்குறை யாழ்ப்பாணத்துக்கே உரியதென்று கொள்ளுதல் பிழை. இவ்விளையாட்டுகளைக் கொண்டுவந்த நாடுகளும் தம் பெண்களை அவ்வாறே நடத்தின. 1896இல் ஏதென்சு நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிற் பெண்களுக்கு இடமில்லை. 1900இற் பாரிசு நகரில் மிகச் சிலரே பங்குபற்றினர். புதிய ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த கூபேர்த்தேன் பிரபு பெண்கள் போட்டியிடுவதை விரும்பாதவர்.

இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வரலாறு மேலும் தெளிவானது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைசெய்த பெண்கள் அணிகள் அமைத்து ஆடினர். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் லிவர்பூல் நகரில் அவர்கள் ஆடிய போட்டியொன்றைக் காண 53,000 பேர் வரை கூடினர். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம், தன்னைச் சார்ந்த மைதானங்களிற் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. இவ்வாட்டம் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அத்தடை ஏறத்தாழ ஐம்பதாண்டு நிலைத்தது. பெண்களின் கால்களைத் தடுக்கவேண்டுமாயின் மைதானத்தைப் பறித்தாற் போதும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கிற் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் முதன்முதலாக நடந்தது. ஓடி முடித்தோர் களைத்து வீழ்ந்தனரெனப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன் பயனாக அவ்வோட்டம் நீக்கப்பட்டு, 1960இல் உரோமாபுரியிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஓடிக் களைத்தால் அது வீரம். பெண்கள் ஓடிக் களைத்தால் அஃது இயலாமை. இவ்விரட்டை அளவுகோல் கீழைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. 2024இற் பாரிசு ஒலிம்பிக்கிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் ஒலிம்பிக்கிலிருந்து அந்நிலையை எய்த 128 ஆண்டுகள் சென்றன.

வலைப்பந்தாட்டம்

குடாநாட்டுப் பெண்கள் பாடசாலைகளில் வேரூன்றிய ஆட்டங்களுட் சிறந்தது வலைப்பந்தாட்டம். அதன் தோற்றமே ஆராயத்தக்கது. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் கூடைப்பந்தாட்டத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு சிமித் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த செண்டா பெரன்சன் அதனைப் பெண்களுக்கென மாற்றினார். ஆடுகளம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொருத்தியும் தனக்குரிய பகுதியிலேயே நிற்றல் வேண்டும்; பந்தைப் பறித்தல் கூடாது. நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் மிகுதியாக ஓடுதலும் ஒருவரையொருவர் மோதுதலும் தகாவெனக் கருதிய காலத்தின் விதிகள் அவை. இங்கிலாந்தில் இவ்வாட்டம் திருத்தம்பெற்று வலைப்பந்தாட்டமாயிற்று.

இலங்கைக்கு இவ்வாட்டம் 1921ஆம் ஆண்டளவில் வந்தது. கண்டி மகளிர் உயர் பாடசாலையில் ஜெனி கிறீன் அம்மையார் அதனை அறிமுகப்படுத்தினார் என்பர். 1927இல் அங்கேயே முதற் போட்டி நிகழ்ந்தது. 1960இற் பல நாட்டுப் பிரதிநிதிகள் இலங்கையிற் கூடியே இவ்வாட்டத்தின் விதிகளை உலகுக்குப் பொதுவாக்கினர். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரில் நடந்த முதல் உலகப் போட்டியிற் பங்குபற்றிய 11 நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இவ்வாட்டத்தின் சர்வதேச வரலாற்றில் இலங்கை தொடக்கமுதலே இடம்பெற்றுள்ளது.

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இதனை ஏற்றமைக்குக் காரணம் அறிதல் எளிது. களம் சிறியது, மதிலுக்குள் அடங்குவது. மோதல் இல்லை. ஆண்கள் ஆடாத ஆட்டமாதலின் ஆண்பிள்ளைகளின் ஆட்டத்தை ஆடுகிறாள் என்னும் பழிச்சொல்லும் இல்லை. பந்தொன்றும் வளையம் பொருத்திய கம்பங்கள் இரண்டும் இருந்தாற் போதுமாதலின் வறிய பாடசாலையும் ஆடலாம். பெண்களை அடக்கி வைத்தற்கு வகுத்த விதிகளே அவர்களை வெளியே கொணரும் வாயிலாயின. வரலாற்றில் இத்தகைய விந்தைகள் நிகழ்வதுண்டு.

இலவசக் கல்வியும் அதன் எல்லையும்

1945இற் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, கட்டணம் என்னும் தடையை நீக்கிற்று. 1960, 1961 ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. மகளிர் கல்லூரிகளில் மட்டுமன்றி ஊர்ப்புறத்துக் கலவன் பாடசாலைகளிலும் பெண்கள் ஓடினர், பாய்ந்தனர், எறிந்தனர். வட்டாரம், மாவட்டம், அகில இலங்கை எனப் படிப்படியாக அமைந்த பாடசாலைப் போட்டிகள் அவர்களைக் குடாநாட்டுக்கு வெளியேயும் அழைத்துச் சென்றன. போட்டிக்குப் போதல் என்பது பெண்பிள்ளை வெளியூர் போதற்கு ஏற்புடைய காரணமாயிற்று.

ஆனால் ஓர் எல்லை எஞ்சி நின்றது. 1958இற் றோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப்பதக்கம் பெற்றார். ஆசியப் போட்டியில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அதுவே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த அவர் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கிற் போட்டியிட்டவர். பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டே பயிற்சியைத் தொடர்ந்தவர். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப்பதக்கமும் பெற்றவர். அவரது புகழுக்கு அவருடைய ஆற்றலும் உழைப்புமே முதற்காரணம். எனினும் பாடசாலையை விட்ட பின்னும் பத்தாண்டு தொடர்ந்து பாய்வதற்கு அவருக்கு இடமும் நேரமும் இருந்தன என்பதையும் மறத்தலாகாது. அதே காலத்தில் உயரம் பாய்தலில் முதலிடம் பெற்ற மாணவியின் கடைசிப் பாய்ச்சல் பெரும்பாலும் அவளுடைய கடைசி இல்லப் போட்டியோடு முடிந்தது. பதினெட்டு வயதுக்கு மேல் அவளுக்கெனக் கழகமில்லை, களமில்லை, கேட்பாருமில்லை. பூப்போடு முடிந்த விளையாட்டைப் பாடசாலை ஆறேழு ஆண்டு நீட்டிற்று, அதற்கப்பால் நீட்டவில்லை.

போரும் மிதிவண்டியும்

1983ஆம் ஆண்டு முதல் 2009 வரை நீடித்த போர் ஆண், பெண் இருபாலாரின் விளையாட்டையும் சிதைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றது. பாடசாலைகள் மரநிழலிலும் பிற பாடசாலைக் கட்டடங்களிலும் மாலைவேளையில் நடந்தன. வகுப்பறைக்கே இடமில்லாத வேளையில் மைதானத்தை நினைப்பார் யார்?

இவ்விருண்ட காலத்தில் எவரும் திட்டமிடாத மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1990இன் பின் எரிபொருள் தடையால் மோட்டார் வாகனங்கள் நின்றன. மிதிவண்டியே குடாநாட்டின் வாகனமாயிற்று. மாணவியரும் ஆசிரியைகளும் தாய்மாரும் மிதிவண்டி ஏறினர். நீர், விறகு, பிள்ளைகள், நோயாளர் யாவரையும் யாவற்றையும் பெண்கள் மிதித்துச் சென்றனர். முன்னர்ப் பெண் மிதிவண்டி ஓட்டுதலைக் கண்டு நகைத்த ஊர் அதனைப் பார்த்துப் பழகிற்று. அதே காலத்திற் கடலுக்கு அப்பால் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு மிதிவண்டி கற்பித்தது. அங்கே எழுத்தறிவு இயக்கம் செய்ததை இங்கே இடுக்கண் செய்தது. வழி என்னும் மூன்றாம் தடை யாழ்ப்பாணத்திற் பெருமளவு தளர்ந்தது அப்பொழுதேயாம். தடை தளர்ந்ததும் பெண்கள் தயங்கினாரல்லர் என்பது கருதத்தக்கது. பெண்களுக்கு இவற்றில் விருப்பமில்லை என்னும் பழைய வாதத்துக்கு அக்காலத் தெருக்களே மறுமொழி கூறின.

புகழும் உண்மையும்

போரின் பின்வந்த காலத்திற் குடாநாட்டுப் பெண்கள் பெற்ற வெற்றிகள் பல. அவற்றுள் தலைசிறந்தது தர்ஜினி சிவலிங்கம் அவர்களின் வரலாறு. புன்னாலைக்கட்டுவனைச் சார்ந்த ஈவினைக் கிராமத்தவராகிய அவர் 208 சென்ரிமீற்றர் உயரமுடையவர். பெண்ணின் உயரம் மணப்பேச்சிற் குறையாக எண்ணப்படும் சமூகத்தில் அவ்வுயரத்தை அவர் நாட்டின் பெருமையாக்கினார். 2009இல் இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஆசியச் சாம்பியனாகியபோது அவர் அதில் ஆடினார். 2011இற் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியிற் சிறந்த கோல் எய்பவராகத் தெரிவானார். அவுஸ்திரேலியக் கழகத்திலும் ஆடினார். 2018இல் ஆசிய இறுதியாட்டத்தில் இலங்கை அணி சிங்கப்பூரை 69க்கு 50 என வென்றபோதும், 2022இல் மீண்டும் ஆசியப் பட்டம் பெற்றபோதும் அவர் அணியிலிருந்தார். மங்கையர் மிகுதியாக ஓடலாகாதென வகுக்கப்பட்ட ஆட்டத்தில் யாழ்ப்பாணத்துக் கிராமப் பெண்ணொருத்தி உலகின் முன்வரிசையில் நின்றாள். முப்பது வயதைக் கடந்தும் நாற்பது வயதைக் கடந்தும் ஆடினாள் என்பதே இவ்வரலாற்றில் ஆழ்ந்து நோக்கவேண்டிய பகுதி. பதினெட்டு வயதோடு நிறுத்தியிருப்பின் அவர் பெயரை எவரும் அறிந்திரார்.

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய அப்பாடசாலை, போரால் தன் வளவை விட்டு நீங்கி இடம்பெயர்ந்து இயங்கிப் பின் மீண்டது. மீண்டபின் அதன் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கைப் பாடசாலை அணிகளுள் முன்னணி அணியாயிற்று. அப்பாடசாலையில் உருவான அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் 2014ஐ அடுத்த ஆண்டுகளில் மூன்றரை மீற்றரை அண்டிய உயரங்களைத் தாண்டித் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தார். ஆண்களுக்கு 1896 முதல் ஒலிம்பிக்கில் இருந்த கோலூன்றிப் பாய்தல் பெண்களுக்கு 2000ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. உலகம் அவ்வாயிலைத் திறந்து பதினைந்தாண்டு செல்லுமுன் குடாநாட்டுப் பெண் அதனுட் புகுந்துவிட்டாள்.

இவ்வெற்றிகளைக் கண்டு சமநிலை எய்திவிட்டதென முடிவுகட்டுதல் கூடாது. சிலரின் சிறப்புப் பலரின் நிலையைக் காட்டும் அளவுகோலாகாது. பெண்களுக்கெதிரான எல்லாப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் சமவாயம் 1979இல் நிறைவேறிற்று. விளையாட்டிலும் உடற்கல்வியிலும் பெண்களுக்குச் சமவாய்ப்பு வேண்டுமென அதன் 10ஆம் உறுப்புரை விதிக்கின்றது. இலங்கை 1981இல் அதனை ஏற்றது. ஏட்டில் உரிமை உண்டு. ஆயின் சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடம் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை கட்டாயமாகவும், அதற்குமேல் விரும்பினார் மட்டும் தெரியும் பாடமாகவும் வைக்கப்பட்டு வந்தது. பதினான்கு, பதினைந்து வயதிற் பாடவேளையும் நீங்குகின்றது. மாலைப் பொழுதைத் தனியார் கல்வி நிலையம் எடுத்துக்கொள்கின்றது. பண்டு சடங்கு செய்த வேலையை இன்று பரீட்சை செய்கின்றது.

பரீட்சை ஆண்பிள்ளைகளுக்கும் உண்டேயென்று கேட்கலாம். உண்மை. அதே வகுப்புக்குச் சென்று திரும்பும் ஆண்பிள்ளை வழியில் ஊர் மைதானத்தில் இறங்கி ஒரு மணி நேரம் பந்தடித்துவிட்டு வீடு செல்கின்றான். அவன் தங்கையும் அவ்வகுப்பிலிருந்தே திரும்புகின்றாள். அவள் இறங்குவதற்கு அங்கே இடமில்லை. ஊர்தோறும் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் உள. மைதானம் ஊர்ப் பொதுச்சொத்து. ஆயினும் மாலையில் அங்கே காணப்படுவோர் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் வரலாகாது என எழுதிய பலகை எங்குமில்லை. அவர்களுக்கென ஒதுக்கிய வேளையும் இல்லை. உடை மாற்றும் அறையும், இருள்படும்போது ஒளியும், பயிற்றுவிக்கப் பெண் பயிற்றுநரும் இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பத் தாய் தயங்குவாளாயின் குற்றம் தாயினுடையதன்று.

பண்பாடு கெடுமென்று அஞ்சுவோர்க்கு மறுமொழி பண்பாட்டிலேயே உளது. பந்தும் ஊசலும் கழங்கும் பாடிய இலக்கியம் விளையாடும் பெண்ணைக் கண்டு நாணவில்லை. உடல்நலம் கெடுமென்று கூறினாரை உலக வரலாறு பொய்ப்பித்துவிட்டது. கல்வி கெடுமென்பாரும் அவ்விதியை ஆண்பிள்ளைகளுக்கு விதித்தாரல்லர்.

முடிபு

மேற்கூறியவற்றாற் பெறப்படும் முடிபு எளியது. உடுவிலின் விடுதி வளவு, வலைப்பந்தின் சிறுகளம், இலவசக் கல்வி, போர்க்கால மிதிவண்டி ஆகிய ஒவ்வொன்றும் இடத்தையோ நேரத்தையோ வழியையோ பெண்களுக்கு அளித்தது. அளித்த அளவுக்கு அவர்கள் வளர்ந்தனர். ஆகவே சமவாய்ப்பைப் பதக்கங்களை எண்ணி அளத்தல் போதாது. ஊர் மைதானத்தில் வாரத்தில் எத்தனை மாலைப்பொழுது பெண்களுக்கு உரியது, பத்தாந் தரத்துக்கு மேலும் எத்தனை மாணவியர் ஓடுகின்றனர், பாடசாலையை விட்ட பெண் ஐந்தாண்டின் பின்னும் ஆடுதற்கு ஊரிற் கழகம் உண்டோ என்னும் வினாக்களால் அளத்தலே முறை. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கழகத்தார் கூட்டத்தில் ஒரு தீர்மானமும், பாடசாலை நேரசூசியில் இரு பாடவேளையும், மைதானத்து மூலையில் ஓர் அறையும் பெரும்பகுதியை நிறைவேற்றிவிடும்.

இதனை அன்னைக்கு எடுத்துரைப்பார் உளரோ என்று நற்றிணைத் தோழி கேட்டாள். அவ்வினா இன்று அன்னைக்கு மட்டும் உரியதன்று. தந்தையர்க்கும், தமையன்மார்க்கும், ஆசிரியர்க்கும், மைதானத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் கழகத்தார்க்கும் உரியது. மறுமொழி கூறவேண்டியோர் அவர்களே.